உளியும் நிரலும்: இயந்திரம் குடைந்த திருமேனியில் செய்பவர் யார்?

கணினியின் கட்டளைப்படி கல்லையும் மரத்தையும் குடையும் இயந்திரங்கள் இந்தியாவின் கல்வேலை மையங்கள் பலவற்றில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. அத்தகைய இயந்திரம் வடித்த திருமேனி வழிபாட்டுக்கு உரியதாகுமா என்னும் வினா, மாமல்லபுரத்தைப் போலக் கற்சிற்பத்தையே பிழைப்பாகவும் பெருமையாகவும் கொண்ட ஓர் ஊரில் தொழில்நுட்ப வினாவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 1957இல் அங்கே தொடங்கப்பட்டு இன்று அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தில் மரபுவழிச் சிற்பம் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது; கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி அந்த நிறுவனத்துக்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கியவர். அவ்வூரின் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. இவ்வாறு கையின் திறமையால் பெயர் பெற்ற ஊரில் கையின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொள்ளும்போது, திருமேனியின் தூய்மை எங்கிருந்து வருகிறது, வடிப்பவரிடமிருந்தா, வடிவத்திலிருந்தா, அதன்மேல் நிகழ்த்தப்படும் கிரியைகளிலிருந்தா என்று கேட்காமல் இருக்க இயலாது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பெருந்தொழிற்கூடங்களின் விலையுயர்ந்த இயந்திரங்களைக் காட்டிலும், செங்கல்பட்டு வட்டாரத்தின் பொறியியல், தொழிற்பயிற்சி மாணவர்கள் கைச்செலவுப் பணத்தில் தாங்களே கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய ரூட்டர் மேசையே பொருத்தமான எடுத்துக்காட்டாகும். விலைக்கு வாங்கப்படும் இயந்திரத்தில் அதைச் செய்தவர், இயக்குபவர், வடிவத்தை எண்ணியவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியாமலேயே பிரிந்து நிற்கின்றனர். மாணவரின் மேசையிலோ இம்மூவரும் ஒருவராகவே இருக்க முடியும் என்பதால், செய்பவர் யார் என்ற வினாவை அங்கே மறைப்பின்றிக் காணலாம்.

சி.என்.சி. என்பது கணினியின் எண்களால் கட்டுப்படுத்தப்படும் இயந்திர முறையைக் குறிக்கும். வெட்டும் அலகு எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் செல்ல வேண்டும் என்பதை எண்களாக எழுதித் தந்தால், இயந்திரம் அந்த எண்களை அசைவாக மாற்றும். ஜான் பார்சன்ஸ் என்பவரின் எண்ணத்திலிருந்து வளர்ந்த இம்முறையின் முன்வடிவம், 1952இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாகப் பொதுவில் செய்து காட்டப்பட்டது. ரூட்டர் என்பது தச்சர்கள் பலகையில் பள்ளம் எடுக்கவும் விளிம்புகளை வடிவமைக்கவும் பயன்படுத்தும், மிகுந்த வேகத்தில் சுழலும் அலகைக் கொண்ட கருவி. அதைக் கையால் பிடிப்பதற்கு மாறாக, இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகரும் ஒரு சட்டகத்தில் பொருத்திவிட்டால் மூன்று அச்சுகள் கொண்ட ரூட்டர் மேசை கிடைக்கிறது. ஒவ்வோர் அச்சையும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் நகர்த்துகிறது. ஸ்டெப்பர் மோட்டார் என்பது, மின்துடிப்பு ஒன்று கிடைத்தால் ஒரே அளவான சிறு கோணம் மட்டும் திரும்பி நிற்பது. பெரும்பாலானவை ஒரு துடிப்புக்கு 1.8 பாகை திரும்புவதால், முழுச் சுற்றுக்கு 200 துடிப்புகள் தேவைப்படும்.

குறைந்த செலவில் இதைக் கட்டுவோர் சென்னை ரிச்சி தெருவில் மோட்டாரையும், அதை இயக்கும் சிறு மின்பலகைகளையும், அர்டுயினோ எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகையையும் வாங்கலாம். நகரும் தண்டுகளையும் பேரிங்குகளையும் கழித்துக் கட்டிய அச்சு இயந்திரங்களிலிருந்தும் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும் தேடி எடுக்கலாம். அலுமினியச் சட்டங்களுக்குக் காசில்லாதபோது தடித்த பிளைவுட்டையோ மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையையோ அறுத்துச் சட்டகமாக்கிக்கொள்ளலாம். எண்களை அசைவாக மாற்றும் ஜி.ஆர்.பி.எல். என்னும் மென்பொருள் எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளவும் திருத்திக்கொள்ளவும் உரிமை தந்து வெளியிடப்பட்டது. கற்றதை விலை பேசாமல் பிறர்க்கு விடும் இச்செயலை, கல்வியைக் கொடைகளுள் உயர்ந்ததாகப் போற்றும் மரபினர் தமக்கு அயலானதாக நினைக்கத் தேவையில்லை. கடற்கரையை ஒட்டிய கொட்டகையில் இதை நிறுத்துவோர் வேறொரு பகையையும் சந்திக்கின்றனர்: உப்புக்காற்று எஃகுத் தண்டுகளில் துருவேற்றுகிறது, ஈரப்பதம் எம்.டி.எஃப். பலகையை உப்பச் செய்கிறது. எனவே எண்ணெய் துடைப்பதும் சட்டகத்தின் சதுரத்தைச் சரிபார்ப்பதும் அன்றாட நியமமாகின்றன.

அத்தகைய மேசை கருங்கல்லைச் செதுக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கருங்கல்லின் கடினத்துக்குத் தேவையான எடையும் விறைப்பும் நீர்விட்டுக் குளிர்விக்கும் ஏற்பாடும் அதற்கு இல்லை. மரம், மெழுகு, அச்சுப்பலகை, மிகப் பொறுமையாக வேலை வாங்கினால் மென்மையான மாக்கல் ஆகியவையே அதன் எல்லை. மேலும் மூன்று அச்சுகள் மட்டும் உள்ள இயந்திரத்தில் அலகு மேலிருந்து கீழாகவே இறங்குவதால், ஓர் உறுப்புக்கு அடியில் உட்குடைந்து செல்ல அதனால் முடியாது. அதற்கு இயல்பானது புடைப்புச் சிற்பமே, அதாவது பின்புலத்திலிருந்து எழுந்து நிற்கும் உருவம். மாமல்லபுரத்தின் பெரும்பாறையில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு விரியும் அர்ச்சுனன் தபசும் புடைப்பு வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், அங்கே யானைகளின் துதிக்கைக்கு அடியிலும் கால்களுக்கு இடையிலும் உளி புகுந்து வந்த இடங்களை மேலிருந்து இறங்கும் அலகு எட்டாது. கோயில் சார்ந்த வேலைகளில் இந்தச் சிறு மேசைக்கு உரிய இடம் வாகனங்களின் மரப்பலகைகள், கதவின் பூவேலை, தேரின் சிறு புடைப்புகள், உலோகத் திருமேனிக்கான மெழுகு உருவின் பகுதிகள், தாளமான அளவுப் பலகைகள் ஆகியவையாகவே இருக்கும்.

தாளமானம் என்பது திருமேனியின் உறுப்புகளுக்குரிய விகிதங்களை வகுக்கும் அளவுமுறை. இவ்விடத்தில் மரபும் இயந்திரமும் எதிர்பாராத அளவுக்கு நெருங்கி வருகின்றன. சிவன், திருமால், நான்முகன் ஆகியோர்க்குரிய உத்தம தசதாளத்தில் திருமேனியின் முழு உயரம் 124 பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. அப்பங்கு ஒன்றே அத்திருமேனிக்குரிய அங்குலம், அதற்குத் தேகாங்குலம் என்று பெயர். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு யவை. எனவே அங்குலம் என்பது உலகில் எங்கோ வைக்கப்பட்ட அளவுகோலின் நீளமாக இல்லாமல், எண்ணிய உருவத்தின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவாகிறது. உருவம் பெரிதானால் அங்குலமும் பெரிதாகும், விகிதம் மாறாது. 62 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரப்புடைப்பை எண்ணினால் தேகாங்குலம் 5 மில்லிமீட்டராகவும் யவை 0.625 மில்லிமீட்டராகவும் வரும். மாணவரின் மேசையில் ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டைப் பொருத்தி, ஒவ்வொரு துடிப்பையும் மின்முறையில் பதினாறாகப் பகுத்தால், ஒரு சுற்றுக்கு 3,200 நுண்துடிப்புகளும் ஒரு மில்லிமீட்டருக்கு 400 நுண்துடிப்புகளும் கிடைக்கும். அதன்படி ஒரு யவைக்குச் சரியாக 250 நுண்துடிப்புகள். சிற்ப நூல்கள் விதித்த இச்சிறு அளவை, மலிவான இயந்திரத்தின் கணக்கு மீதமின்றி ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் கணக்கு ஏற்பதைப் பொருள் அப்படியே ஏற்பதில்லை. மலிவான திருகுத் தண்டுக்கும் அதன் மரைக்கும் இடையே சிறு தளர்ச்சி இருக்கும். திசை மாறும்போது மோட்டார் திரும்பிவிடும், அலகோ அந்தத் தளர்ச்சி முடியும் வரை நகராது. பேக்லாஷ் என்று அழைக்கப்படும் இக்குறை ஒரு மில்லிமீட்டரின் பத்தில் இரண்டு பங்கானாலும், மேற்சொன்ன திருமேனியில் அது யவையின் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. உதட்டின் முனையோ இமையின் வளைவோ சிதைவதற்கு அது போதுமானது. சட்டகம் வளைந்து கொடுத்தால் ஆழம் மாறும். அலகு மழுங்கினால் மரத்தின் நார் பிய்யும். தேக்கின் ரேகை எதிர்த்திசையில் வரும் இடத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் விளிம்பு உடையும். பெருவிலை இயந்திரம் இவற்றையெல்லாம் தன் எடையாலும் துல்லியத்தாலும் விழுங்கிவிடுகிறது. மாணவரின் மேசை விழுங்குவதில்லை. ஒவ்வொரு குறையையும் செய்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் கொண்டுவந்து நிறுத்துகிறது. கல்லைத் தட்டி எழும் ஒலியால் ஆண்கல், பெண்கல் என்று வகைப்படுத்தும் சிற்பியின் செவியும், அலகின் ஒலி மாறியதும் வேகத்தைக் குறைக்கும் மாணவரின் செவியும் ஒரே வகைக் கவனத்தைச் சேர்ந்தவை என்று கொள்வதில் மிகையில்லை.

இனி, செய்பவர் யார் என்னும் வினாவுக்குச் சைவ சித்தாந்தம் தரும் கருவிகளைக் கொண்டு அதை அணுகலாம். ஒரு காரியம் தோன்றுவதற்கு மூன்று காரணங்கள் வேண்டும் என்பது அத்தத்துவத்தின் கொள்கை: எதிலிருந்து தோன்றுகிறதோ அது முதற்காரணம், எதன் துணையால் தோன்றுகிறதோ அது துணைக்காரணம், எவரால் தோன்றுகிறதோ அவர் நிமித்த காரணம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று காட்டி, அதே முறையில் உலகத்துக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்று அந்நெறியினர் நிறுவுகின்றனர். அறிவற்றதாகிய சடம் தானே ஒரு நோக்கத்தோடு காரியப்படாது, அதனைச் செலுத்த அறிவுடைய பொருளாகிய சித்து வேண்டும் என்பதே இவ்வாதத்தின் நரம்பு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு ஒரு கர்த்தா உண்டு என்பதை நிலைநாட்ட எழுந்தது.

இந்த அளவுகோலில் ரூட்டர் மேசை எங்கே நிற்கிறது? உளியும் சுத்தியும் துணைக்காரணம் என்றால் மேசையும் துணைக்காரணமே என்று முடித்துவிடுவது எளிது. ஆயினும் ஒரு தடை எழுகிறது. உளி ஒவ்வொரு தட்டுக்கும் சிற்பியின் கையை எதிர்பார்க்கிறது. மேசையோ, நிரலைத் தந்துவிட்டால் செய்தவர் உறங்கும்போதும் குடைந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் செலுத்தும் அறிவு இயந்திரத்துக்குள் சென்றுவிட்டதாகாதா? சித்தாந்தத்தின் நிலையிலிருந்து இதற்கு மறுமொழி கூற முடியும். குயவர் கையை எடுத்த பிறகும் சக்கரம் சிறிது நேரம் சுழல்கிறது. அச்சுழற்சியில் அறிவு இல்லை, அறிவு செலுத்திய விசையின் எச்சமே உள்ளது. நிரல் அந்த எச்சத்தை மணிக்கணக்கில் நீட்டிக்கிறது, அவ்வளவே. நீளம் கூடுவதால் சடம் சித்தாகிவிடாது. எனவே மேசை துணைக்காரணமாகவே இருக்கிறது.

எனினும் உண்மையான இடர் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இயந்திரம் நிமித்த காரணமாக உயர்ந்துவிடுமோ என்று அஞ்சுவதைக் காட்டிலும், மனிதர் நிமித்த காரணமாக இருப்பதிலிருந்து தாமே விலகிவிடுவாரோ என்பதே அஞ்சத்தக்கது. யாரோ எங்கோ உருவாக்கிய முப்பரிமாணக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, யாரோ செய்த இயந்திரத்தில் இட்டு, பொத்தானை அழுத்திவிட்டு நகர்பவர், அத்திருமேனியின் தாளம் என்ன, கைகளின் முத்திரை எது, ஆயுதங்கள் வலமிடம் மாறியுள்ளனவா என்பதை அறியாமலேயே ஒரு காரியத்தை முடித்துவிடக்கூடும். அங்கே முதற்காரணமும் துணைக்காரணமும் குறைவின்றி இருக்கின்றன. அறிந்து செலுத்துபவரின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. கையால் வடிக்கப்பட்டாலும், பழகிய அச்சில் மனமின்றி அடுக்கடுக்காகச் செய்யப்படும் கடைவீதிப் பொம்மைகளில் இதே காலியிடம் உண்டு என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கை ஈடுபட்டது என்பதனாலேயே அறிவும் ஈடுபட்டதாக ஆகிவிடாது.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றைக் கருதியாக வேண்டும். மனிதக் கையோ மனித அறிவோ படாத திருமேனிகளையே சமய மரபு மிக உயர்ந்தவையாகப் போற்றுகிறது: தானே தோன்றிய சுயம்பு லிங்கம், நருமதை ஆற்றில் உருண்டு வழவழப்பான பாணலிங்கம், கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் ஆகியவற்றை எந்தச் சிற்பியும் தியானித்து வடிக்கவில்லை. மறுமுனையில், ஒரு வழிபாட்டுக்கு மட்டும் களிமண்ணிலோ மணலிலோ பிடித்து, வழிபாடு முடிந்ததும் கரைத்துவிடும் லிங்கத்துக்குத் தாளமானமே தேவையில்லை. பாகவத புராணம் எட்டு வகைத் திருமேனிகளை எண்ணும்போது கல், மரம், உலோகம் ஆகியவற்றோடு மணலையும் மனத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே வடித்தவரின் அறிவு திருமேனிக்கு இன்றியமையாதது என்ற கருத்து நிலைக்காது என்று வாதிடலாம். திருமேனிக்கு உயிர்ப்பு தருபவை நீரிலும் தானியத்திலும் கிடத்தும் அதிவாசங்களும், பிராணப் பிரதிஷ்டையும், குடமுழுக்கும், நாள்தோறும் நிகழும் பூசையுமே என்றால், செதுக்கியது உளியா அலகா என்பது பொருட்டாகாது.

இவ்வாதத்தில் பாதி ஏற்கத்தக்கது. வழிபடுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இயந்திரத்தில் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு திருமேனியை ஒதுக்குவதற்கு மரபில் வலுவான ஆதாரம் தென்படவில்லை. திருமேனியின் குறைகளை வழிபடுபவரின் தவம் தீர்த்துவிடும் என்று சுக்கிரநீதிசாரம் என்னும் வடமொழி நூலும் இடம் தருகிறது. ஆனால் அதே நூல், வடிப்பவரின் பக்கத்தில் திரும்பும்போது கண்டிப்பாகிவிடுகிறது: வடிவத்தைத் தியானத்தின் வழியாகவே சிற்பி அடைய வேண்டும், நேரில் கண்டு செய்வதும் அதற்கு ஈடாகாது என்பது அதன் நிலைப்பாடு. வழிபடுவோருக்குக் காட்டும் தளர்வை வடிப்பவருக்குக் காட்டாத இந்த இரட்டை நிலையே மரபின் ஆழமான நுண்ணறிவு எனத் தோன்றுகிறது. இறைவன் எதிலும் எழுந்தருளக்கூடும் என்பது இறைவனின் எளிமையைக் குறிக்கும் செய்தி. அதைக் காட்டி ஒரு கலைஞர் தமக்குரிய கடமையைத் தளர்த்திக்கொள்ள உரிமை இல்லை. ஆற்றுக்குத் தியானம் விதிக்கப்படவில்லை, ஏனெனில் ஆறு எதையும் செய்ய முற்படவில்லை. திருமேனி செய்ய முற்பட்ட மனிதருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

பணமின்மையும் உருவாக்கமும் சேரும் இடத்தில் தமிழ்ச் சைவர்களின் நினைவுக்கு உடனே வருபவர் பூசலார் நாயனார். சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் வரலாற்றின்படி, திருநின்றவூரைச் சேர்ந்த அவர் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைந்தும் கிடைக்காமல், கோயிலை மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அவர் குறித்த குடமுழுக்கு நாளிலேயே காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனும் நாள் குறித்திருக்க, இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குத் தாம் செல்வதால் நாளை மாற்றிக்கொள்ளப் பணித்தார். அம்மன்னனைக் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்மனாக ஆய்வாளர் பலர் அடையாளம் காண்கின்றனர். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்ததே.

இவ்வரலாறு பெரும்பாலும், பொருளைவிட மனமே உயர்ந்தது என்பதற்கான சான்றாக மட்டும் எடுத்தாளப்படுகிறது. சேக்கிழாரின் கூற்றை ஊன்றிப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. பூசலார் ஒரு கணத்தில் கோயிலைக் கற்பனை செய்து முடித்துவிடவில்லை. பொருளும் தச்சரும் சாதனங்களும் மனத்தாலேயே தேடப்படுகின்றன. ஆகம முறைப்படி அடிநிலை இடப்படுகிறது. இரவிலும் உறங்காமல் நிலை நிலையாகக் கட்டடம் எழுகிறது. சிகரமும் சுதைவேலையும் கிணறும் மதிலும் குளமும் வரிசை தவறாமல் அமைகின்றன. கல்லும் கூலியும் மட்டுமே அங்கே இல்லை. முறையும் பொறுமையும் அளவும் ஒன்றுகூடக் குறையவில்லை. வறுமை அவருக்குச் சுருக்குவழியைத் தரவில்லை, முழுக் கட்டுமானத்தையும் தாமே மனத்தில் தாங்கும் கடமையையே தந்தது. விலைக்கு வாங்க இயலாமல் தண்டையும் மோட்டாரையும் தேடிச் சேர்த்து, ஒவ்வோர் அச்சின் நேரையும் தாமே அளந்து, தாளமானத்தை எண்களாகத் தாமே எழுதும் மாணவரின் நிலையைப் பூசலாரின் தவத்தோடு சமமாக வைக்க இங்கே கருதவில்லை. ஆனால் வடிவம் பொருளில் இறங்குவதற்கு முன்பு அதன் முழுமையும் ஒரு மனத்தில் நின்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை அந்த மாணவரின் வறுமை அவர்மேல் சுமத்துகிறது. அந்நிபந்தனையைத்தான் இறக்கிக்கொண்ட கோப்பு நீக்கிவிடுகிறது.

கருவிக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி, கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலைத் தத்துவ அறிஞர் ஆனந்த குமாரசாமி சொல்லிய கருத்து இவ்விடத்தில் உதவும். கம்பளம் நெய்பவரின் தறி, அவர் விரல்கள் ஊடுபாவைக் கோக்கும் வரை இழைகளை விறைப்பாகப் பிடித்திருக்கும் கருவி. விசைத்தறியோ, வேலையில் மனிதத்தன்மை வாய்ந்த பகுதியையே தான் எடுத்துக்கொள்வதால் பண்பாட்டை அழிக்கும் இயந்திரம் என்பது அவர் வகுத்த பிரிவு. அவருடைய அளவுகோலின்படி ரூட்டர் மேசை இயந்திரத்தின் பக்கமே சாயும். அதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் கூடாது. ஆயினும் மனிதத்தன்மை வாய்ந்த பகுதி எது என்பது எல்லா வேலையிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கருங்கல்லில் மிகுதிக் கல்லை உடைத்தெடுக்கும் நாட்கணக்கான வேலையில் அது குறைவு. முகத்தின் இறுதி யவையில் அது மிகுதி. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததைக் கல்வெட்டில் பெருமையோடு பொறித்துவைத்தான். வழிவழி வந்த பொருட்களை விட்டு மலையையே குடைந்த அந்தப் புதுமையை வழிபாட்டுக்கு இழுக்காகக் கருதாமல், இறைவனுக்குத் தரும் சிறப்பாகவே அவன் கருதினான். செய்முறையின் புதுமை தன்னளவில் தூய்மைக்குப் பகையன்று என்பதற்குத் தொண்டை நாட்டிலேயே இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

ஆகவே இயந்திரத்துக்கும் கைக்கும் இடையே எல்லை எங்கே வகுக்கப்பட வேண்டும் என்பதே செயலளவில் எஞ்சும் வினா. கண் திறத்தல் அல்லது நயனோன்மீலனம் என்னும் கிரியையை வைத்து இதற்கு ஒரு விடை காண முடியும். திருமேனியின் எல்லா உறுப்புகளும் முடிந்த பின்னரே, விதித்த நேரத்தில், பொன்னூசி கொண்டு ஸ்தபதி கண்ணைத் திறக்கிறார். அதுவரை அது வேலைப்பொருள், அதன் பிறகு அது நோக்கும் முகம். நோக்கைத் தரும் செயலை, நோக்கு இல்லாத ஒன்றிடம் ஒப்படைப்பது கிரியையின் உட்பொருளுக்கே முரணாகும். நிரல் எழுதும் மாணவர் கண்களின் பரப்பை இரண்டு யவை கூடுதல் தடிப்போடு வெட்டாமல் விட்டுவிடலாம். உதடு, விரல்நுனி, முத்திரையின் மடிப்பு ஆகிய இடங்களிலும் ஒரு யவையைக் கைக்கு மிச்சம் வைக்கலாம். இவ்வளவு தடிப்பைக் கைவேலைக்கென ஒதுக்கும் ஏற்பாடு வெட்டுநிரல் எழுதும் மென்பொருள்கள் பலவற்றிலும் உண்டு என்பதால், இது நுட்பத்துக்கு மாறான கோரிக்கையும் அல்ல.

செய்பவரின் உடலும் வயிறும் இந்த ஆராய்ச்சியின் ஓரத்தில் தள்ளப்படக் கூடாதவை. சுழலும் வட்டு கொண்ட கிரைண்டர்கள் சிற்பப் பட்டறைகளுக்குள் வந்த பிறகு, கருங்கல்லை உலர்ந்த நிலையில் அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி முன்னிலும் மிகுதியாயிற்று. அத்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகி மூச்சைச் சுருக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுத் தீர்வு தரும் மருந்து இல்லை. இறைவனுக்கு உருவம் தரும் ஒருவரின் மூச்சு அவ்வேலையாலேயே சுருங்குவதைக் கைவேலையின் தூய்மை என்ற பெயரால் எவரும் போற்றிவிட முடியாது. நீர்விட்டு வெட்டும் மூடிய இயந்திரம் அந்த முதற்கட்ட வேலையை ஏற்குமானால் அதை வரவேற்பதே அறம். ஆனால் அதே இயந்திரம் கூலி கொடுக்காமல் தப்புவதற்காகக் கொண்டுவரப்பட்டு, பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவர்களைத் தெருவில் நிறுத்துமானால், அதன் விளைபொருளின்மேல் எத்தனை கிரியை செய்தாலும் அந்தக் குறை தீராது. இவ்விரு நிலைகளுக்கும் இயந்திரம் ஒன்றே. உடைமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. மலிவான மேசையைத் தாமே கட்டவும் பழுது நீக்கவும் அறிந்த இளைய சிற்பிகள், இயந்திரத்தின் கூலியாட்களாகாமல் அதன் உடையவர்களாக இருக்க வழி உண்டு என்பதே மாணவர் மேசையின் மிகப் பெரிய நன்மை.

விற்பனையில் உண்மை பேசுவதும் இதனோடு சேர்ந்தது. இயந்திரம் பெரும்பகுதியை வெட்டிய உருவத்தை முழுக் கைவேலை என்று சொல்லி விற்பது, வாங்குபவரை மட்டுமல்லாமல் அதை வைத்து வழிபடவிருக்கும் அனைவரையும் ஏய்ப்பதாகும். இதற்குப் பெயர் பொறித்தல் ஒரு நேரிய வழியாகலாம், அதற்கு மாமல்லபுரத்துக்கு அருகிலேயே முன்மாதிரியும் இருக்கிறது. பொறிக்கும் பெயர்களில் கருவி செய்தவரின் பெயரும் சேரத் தகும்: கம்மாளர் மரபு கொல்லர், தச்சர், கன்னார், கற்சிற்பி, தட்டார் ஆகிய ஐவரையும் விசுவகர்மாவின் ஒரே குலத்தில் வைத்து, கருவி செய்யும் கொல்லரையும் திருமேனி செய்யும் சிற்பியையும் உடன்பிறந்தாராக்குகிறது. ஆயுத பூசை நாளில் உளிக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் ஒன்றுபோல் இடப்படுவதும் இந்த உறவின் வெளிப்பாடே. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பல்லவர் கால எழுத்துகளில் பாறையில் பொறிக்கப்பட்டுள்ள பெயர்களை அக்காலச் சிற்பிகளின் பெயர்களாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் ஆகியோருடன் கொல்லன் சேமகனின் பெயரும் அங்கே இடம்பெற்றிருப்பதால், இன்று மேசையில் குடைந்து கையால் முடிக்கப்படும் ஒரு திருமேனியின் பீடத்து அடிப்பக்கத்தில், தாளத்தை வகுத்தவர், மேசையைக் கட்டி நிரல் எழுதியவர், கண்ணைத் திறந்தவர் ஆகியோரின் பெயர்களை அருகருகே பொறிப்பதற்கு மரபின் அனுமதியைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை.